தொற்றுக் காலத்திலும் பள்ளி நடக்க: ஜன்னல், ஃபேன், சாப்பாட்டு வரிசை

தொற்று பரவுகிறது என்று செய்தி வந்ததும் முதல் பூட்டு பள்ளிக்கூடத்துக்குத்தான் விழுகிறது. 2020 மார்ச்சில் மூடிய கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மறுபடி கால் வைத்தது 2021 நவம்பரில். புதுச்சேரியில் அது மழையால் இன்னும் தள்ளி டிசம்பர் 6 ஆனது. 2023இல் ஃப்ளூ பரவியபோதும் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விட்டார்கள். அடுத்து எந்தக் கிருமி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூச்சுக்காற்றில் பரவும் கிருமியாக இருந்தால், பள்ளியைத் திறந்து வைக்கச் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: வகுப்பறைக் காற்றை மாற்றுவது. இதற்கு ஆசாரியும் எலக்ட்ரீஷியனும் போதும். தொற்று வந்தபின் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். ஆகவே இப்போதே.

கொரோனா காலத்தில் நம் பள்ளிகளில் அதிக உழைப்பு போனது பெஞ்சு துடைப்பதற்கும் வாசலில் கிருமிநாசினி தெளிப்பதற்கும். பொருட்களைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே கணித்துவிட்டது. கிருமி மூச்சிலும் பேச்சிலும் வெளிவந்து, மூடிய அறையில் பீடிப் புகை தங்குவதுபோல் தங்குகிறது. மூன்றடி தள்ளி உட்கார்ந்தாலும் புகை வரும். ஜன்னலைத் திறந்தால்தான் போகும்.

ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். திறக்காமல் இருப்பதற்கு ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தீர்க்காமல் சொன்னால் இரண்டு நாளில் பழையபடி மூடிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பு வகுப்பாகப் போய் ஒவ்வொரு ஜன்னலையும் கையால் திறந்து பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் இவைதான் கண்ணில் படும்.

உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து இறுகியிருக்கும். துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி வைத்தால் பாதி ஜன்னல்கள் ஆடும். மீதிக்குக் கீலையே மாற்ற வேண்டும். கடலுக்கு அருகில் உள்ள பள்ளியானால் இரும்புக் கீல் வாங்காதீர்கள், ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை வாங்குங்கள். திறந்த கதவு காற்றில் அடித்துக்கொள்வதால்தான் பல ஆசிரியர்கள் மூடுகிறார்கள். அதற்குச் சுவரில் ஒரு கொக்கி போதும். அந்தக் கொக்கி இல்லாமல் மூடிக் கிடக்கும் ஜன்னல்கள் நிறைய.

பெயின்ட் அடிக்கும்போது சட்டத்தோடு சேர்த்து அடித்து ஒட்டிப்போயிருக்கும். கத்தியால் கோடு கீறிவிட்டுத் தட்டினால் திறந்துவிடும். இரும்பு பீரோவும் பழைய பெஞ்சுகளும் ஜன்னலை மறைத்து நிற்கும். சுவர் மூலைக்குத் தள்ளுங்கள். வெயில் கரும்பலகையில் பட்டுக் கண் கூசுகிறது என்று மூடியிருந்தால் கரும்பலகை அல்லது பெஞ்சு வரிசையின் திசையை மாற்றிப் பாருங்கள். திரை போடுவது கடைசி வழி, ஏனென்றால் திரை காற்றையும் நிறுத்தும்.

கொசுவலை அடித்த ஜன்னலில் காற்று கணிசமாகக் குறையும். தூசி படிந்த வலையில் இன்னும் குறையும். வலையை எடுக்கச் சொல்லவில்லை, டெங்கு உள்ள ஊர் இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைப்பத்தால் தட்டி, ஈரத் துணியால் துடையுங்கள்.

கூரையை ஒட்டியுள்ள வென்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள். புறா வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். சூடான மூச்சுக்காற்று மேலே ஏறி வெளியேறும் வழியே அதுதான். அட்டையைப் பிடுங்கிவிட்டு அரை அங்குலக் கம்பி வலை அடித்தால் புறாவும் வராது, காற்றும் போகும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் காலக் கட்டடங்களில் உயரமான கூரை, ஆள் உயர ஜன்னல், பலகை இடுக்கு எல்லாம் காற்றுக்காகவே வைத்தவை. அவற்றில் செய்ய வேண்டியது பழுது பார்ப்பது மட்டும். தாழ்வான ஷீட் கூரை போட்ட கொட்டகைதான் சிரமம்.

ஒரு பக்க ஜன்னல் மட்டும் திறந்தால் பாதிப் பயன்கூட இல்லை. காற்று நுழைய ஒரு வழி, எதிர்ப்பக்கம் போக ஒரு வழி வேண்டும். வராந்தாப் பக்கத்துக் கதவைப் பாடம் நடக்கும்போது கொக்கி போட்டுத் திறந்தே வையுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது

பிள்ளைகள் போனபின் ஒரு ஊதுபத்தி கொளுத்தி ஜன்னல் சட்டத்தின் நடுவில் பிடியுங்கள். புகை உள்ளே வளைகிறதா, வெளியே போகிறதா, அங்கேயே சுழல்கிறதா என்று ஒவ்வொரு திறப்பிலும் குறியுங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வேறு வேறு விடை வரும். நம் கரையில் கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. புகை நுழைய மறுத்து அறை நடுவில் நிற்கும் நேரம் எதுவோ, அந்த நேரத்துக்குத்தான் ஃபேன் தேவை.

சீலிங் ஃபேன் காற்றை மாற்றாது, கலக்கத்தான் செய்யும். ஜன்னல் திறந்திருந்தால் நிதான வேகத்தில் ஓடட்டும், நல்லதுதான். மூடிய அறையில் ஓடினால் ஒரு பிள்ளையின் மூச்சு எல்லாருக்கும் பங்காகிறது. ஒரு வரிசை முகங்களின் மேலாக அடுத்த வரிசைக்கு வீசும் சுவர் ஃபேனை அணைத்துவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வேலை செய்யும் பொருள். இருபதுக்கு இருபது அடி, பதினோரு அடி உயரம் உள்ள அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 125 கன மீட்டர். பள்ளி போன்ற இடங்களில் ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. 35 பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் என்றால் மணிக்குச் சுமார் 1,300 கன மீட்டர், அதாவது மணிக்குப் பத்து முறைக்கு மேல் அறைக் காற்று முழுதும் மாற வேண்டும். மணிக்கு ஐந்து முறை போதும் என்ற கணக்கையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க மையம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது. நம் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அது போதாது. ஐந்து முறை மாறினால் ஆளுக்குக் கிடைப்பது விநாடிக்கு ஐந்து லிட்டர்கூட இல்லை.

12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். பறவை வலை, மூடி, எதிர்க்காற்று எல்லாம் போக அதில் முக்கால் பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் காற்றோடு சேர்த்து ஓர் அறைக்கு ஒன்று பொதுவாகப் போதும். ஷீட் கொட்டகைக்கு இரண்டு.

பொருத்தும் இடத்தில்தான் தவறு நடக்கும். கிழக்குச் சுவரில் வைத்தால் பிற்பகல் முழுக்கக் கடற்காற்றோடு மல்லுக்கட்டும். மேற்குச் சுவரில், கூரையிலிருந்து ஓரடி கீழே வையுங்கள். அந்தப் பக்கம் வராந்தாவோ பக்கத்து வகுப்பின் ஜன்னலோ இருந்தால் வேறு சுவர் தேடுங்கள், இந்த வகுப்பின் மூச்சை அந்த வகுப்புக்கு ஊதக் கூடாது. ஃபேனுக்கு அடுத்தே உள்ள ஜன்னலைத் திறந்தால் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து அதே மூலையில் வெளியே தள்ளும், பிள்ளைகள் உட்காரும் பக்கம் அப்படியே கிடக்கும். ஃபேனை ஒட்டிய ஜன்னலை மூடி எதிர்ச் சுவர் ஜன்னல்களைத் திறக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் வாங்கக் காசில்லை என்றால் பெடஸ்டல் ஃபேனை ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள். காற்றுக்காக ஆசைப்பட்டு யாராவது அதை உள்ளே திருப்புவார்கள். அதனால் கழுத்தை இறுக்கிவிட்டு, "வெளியே" என்று அம்புக்குறியோடு ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

ஸ்பிளிட் ஏசி போட்ட ஸ்மார்ட் கிளாஸ் அறை தொற்றுக் காலத்தில் பள்ளியிலேயே மோசமான அறை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. அந்த அறையைப் பூட்டுங்கள், அல்லது ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்து நடத்துங்கள். ஜன்னலே இல்லாத அறையானால் ஹெப்பா, அதாவது நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். அதன் உறையில் உள்ள சுத்தக் காற்று அளவு மணிக்கு 375 கன மீட்டர் என்றால், நம் 125 கன மீட்டர் அறையில் மணிக்கு மூன்று முறை காற்று மாறியதற்குச் சமம். ஆனால் அந்த எண் முழு வேகத்துக்கானது. முழு வேகச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாமல் குறைத்து விடுவார்கள், பலனும் குறைந்துவிடும். நடுத்தர வேகத்தில் இரண்டு ஓடுவது மேல்.

மீட்டர் ஒன்று வாங்குங்கள்

காற்று போதுமா என்று கண்ணால் தெரியாது. நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு), வெளிக்காற்றில் 420 அளவு. அறையில் அது ஏற ஏற, பிறர் விட்ட மூச்சை நாம் இழுக்கிறோம் என்று பொருள். 800 காட்டினால் இழுக்கும் காற்றில் நூறில் ஒரு பங்கு அடுத்தவர் நுரையீரலிலிருந்து வந்தது. 1,500 என்றால் நூறில் மூன்று பங்கு.

இதை அளக்கும் மீட்டர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மிக மலிவான சில மீட்டர்கள் சானிடைசர் ஆவியைக்கூட கார்பன் டை ஆக்சைடு என்று காட்டும். சோதிக்க எளிய வழி: திறந்த மைதானத்தில் இருபது நிமிடம் வைத்தால் 400க்கும் 450க்கும் நடுவே வர வேண்டும். சானிடைசர் நனைத்த கையை அருகில் காட்டினால் எண் எகிறக் கூடாது. பள்ளிக்கு ஒரு மீட்டர் போதும், வகுப்பு வகுப்பாகச் சுற்றட்டும்.

வைக்கும் இடம் பிள்ளை உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரம். ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, யார் முகத்துக்கும் ஐந்தடிக்குள் வராமல். வகுப்பு நிறைந்து நாற்பது நிமிடம் ஆனபின் படியுங்கள். முதல் பத்து நிமிட எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது ஏறிக்கொண்டே இருக்கும். 800க்குள் இருந்தால் சரி. 800க்கு மேல் போனால் இன்னொரு திறப்பு தேடுங்கள். 1,500ஐத் தொடும் அறையில் தொற்றுக் காலத்தில் முழு வகுப்பை உட்கார வைக்கவே கூடாது.

மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்றும் இதே மீட்டரில் கண்டுபிடிக்கலாம். வெளியே 420 என்று வைப்போம். இடைவேளை மணி அடிக்கும்போது அறையில் 1,220. கூடுதல் 800. பிள்ளைகள் எல்லாரும் வெளியேறட்டும், ஜன்னலும் ஃபேனும் பாடம் நடந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கட்டும். அந்தக் கூடுதல் 37 சதவீதமாக, அதாவது 296ஆக இறங்கி, மீட்டர் சுமார் 715 காட்டும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு நிமிடம் என்றால் அறுபதைப் பன்னிரண்டால் வகுக்க, மணிக்கு ஐந்து முறை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையே இதைச் செய்து வரைபடம் போடச் சொல்லலாம். கணக்குப் பாடமும் ஆகும், ஜன்னலை மூட அவர்களே விடமாட்டார்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஹெப்பா சுத்திகரிப்பான் கிருமியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அது ஓடும் அறையில் மீட்டர் எண் கூடுதலாக இருப்பது அது வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல.

ஐப்பசி மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நமக்குக் கடினமான பாடம். சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலும் மூடப்படும், வராந்தா நனையும், மைதானம் குளமாகும், எல்லாரும் உள்ளே அடைவார்கள். சளிக் காய்ச்சல் கூடும் மாதங்களும் இவையே. 2020 நவம்பரில் நிவர் புயல் கரையேறியது புதுச்சேரிக்கு அருகில்தான், அதுவும் கொரோனாவின் நடுவில். புயலும் தொற்றும் சேர்ந்து வரும் என்று வைத்தே திட்டமிட வேண்டும்.

சாரல் வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கும்போது தெற்கு, மேற்கு ஜன்னல்கள் திறந்திருக்கலாம். "மழை வந்தால் எல்லாவற்றையும் மூடு" என்ற பழக்கத்தை மாற்றி, எந்த ஜன்னல் எப்போது மூடலாம் என்று சட்டத்திலேயே பச்சை, சிவப்புப் பொட்டு வையுங்கள். சிவப்பு மட்டும் மழையில் மூடலாம். சன்ஷேடு ஓரடிக்குக் குறைவாக இருந்தால் இரண்டடி ஷீட் நீட்டிப் போடுங்கள், செலவுக்கு உடனே பலன் தரும் வேலை இது. மழை நாளில் எக்ஸாஸ்ட் கட்டாயம் ஓட வேண்டும், முகக்கவசமும் கட்டாயம். மின்சாரம் போனால் எக்ஸாஸ்ட் நிற்கும். இன்வெர்ட்டர் இருந்தால் லைட்டுக்கு முன் எக்ஸாஸ்டை அதில் இணைக்கச் சொல்லுங்கள்.

பள்ளி நிவாரண முகாம் ஆகியிருந்தால், மக்கள் போனபின் ஒரு முழு நாள் எல்லாவற்றையும் திறந்து போட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, ஈர வயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்த்தபின் வகுப்பைத் தொடங்குங்கள்.

சாப்பாட்டு நேரம்

நாள் முழுக்கக் காத்த எச்சரிக்கை அரை மணியில் கரைவது மதியச் சாப்பாட்டில்தான். முகக்கவசம் கழன்றிருக்கும், முகத்துக்கு முகம் பார்த்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, பெரும்பாலும் வகுப்பறைக்குள்ளேயே. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்துவது பெரிய தவறு. பல பிள்ளைகளுக்கு அந்த முட்டையும் சாம்பாரும்தான் அன்றைய முழுச் சாப்பாடு. பரிமாறும் இடத்தை மாற்றினால் போதும்.

வெளியே பரிமாறுங்கள். வேப்ப மரமோ புங்க மரமோ நிழல் போதும். மரம் இல்லாத பள்ளியில் பக்கச் சுவர் இல்லாத ஷீட் பந்தல். எல்லாரும் ஒரே திசை பார்த்து, பந்தி வரிசையாக, பிள்ளைக்குப் பிள்ளை ஒரு முழம் விட்டு. பாதிப் பேர் சாப்பிடும்போது மீதிப் பேர் விளையாடட்டும், இருபது நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். பரிமாறும் அம்மா முகக்கவசம் போட்டு, ஒரே ஆள் ஒரே பாத்திரத்துக்கு நிற்கட்டும். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குவதைவிட உட்கார்ந்தபின் பரிமாறுபவர் போய்ப் பரிமாறுவது நெரிசலைக் குறைக்கும்.

நெரிசலின் இன்னொரு இடம் கை கழுவும் குழாய். ஒரே குழாயில் நூறு பிள்ளைகள் என்றால் யாரும் சோப்பு போடமாட்டார்கள். பத்தடி நீள ஒரு அங்குல பிவிசி பைப்பில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஆறு குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு முப்பது விநாடி கழுவ, பதினைந்து விநாடி இடம் மாற: 120 பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இரண்டடி உயரத்தில் தனியாக ஒரு பைப். சோப்புக் கட்டி காணாமல் போகும், காக்கையும் தூக்கும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சோப்புத் தூள் கரைத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் குழாய் அருகே கட்டிவிடுங்கள். சானிடைசர் பாட்டிலைச் சிறு வகுப்பில் வைக்க வேண்டாம், கண்ணில் தெறிக்கும், தீயும் பிடிக்கும்.

முகக்கவசமும் சத்தமும்

ஐந்து வயதுவரை வேண்டாம். ஆறு முதல் பதினொன்று வரை பெரியவர் கண்காணிப்பில். இந்த ஊர் வியர்வையில் இரண்டு மணி நேரத்தில் நனைந்துவிடும், நனைந்ததில் மூச்சு விட முடியாமல் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். எனவே பையில் இரண்டு, பிளாஸ்டிக் கவரில் அல்ல, துணிப்பையில். நாள் முழுக்க அரைகுறையாகப் போடுவதைவிட, வேனிலும் மழை நாள் வகுப்பிலும் பக்கத்தில் யாராவது இருமும் வாரத்திலும் ஒழுங்காகப் போடுவது பலன் தரும். மைதானத்தில் கழற்றிவிடலாம்.

ஆசிரியருக்கு ஐஎஸ் 9473 என்ற ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கவசம் வேண்டும், வால்வு இல்லாதது. போட்டபின் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் காற்று வந்தால் மூக்குக் கம்பியை அழுத்த வேண்டும். கவசத்தோடு கத்திப் பாடம் நடத்தினால் தொண்டை கட்டும், அதனால்தான் கழற்றுகிறார்கள். இடுப்பில் மாட்டும் சிறிய மைக் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள். சத்தம் குறையக் குறைய வாயிலிருந்து வரும் துளியும் குறையும். வாய்ப்பாடும் செய்யுளும் சேர்ந்து கத்திச் சொல்வதை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள், காலை வழிபாடு திறந்த மைதானத்தில் தாராளமாக நடக்கட்டும்.

காய்ச்சலோடு வரும் பிள்ளை

வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் வெப்பமானியை நம்பி இருக்காதீர்கள். வெயிலில் நடந்து வந்த நெற்றி அதிகம் காட்டும், வியர்த்த நெற்றி குறைவாகக் காட்டும். நிழலில் பத்து நிமிடம் உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்துப் பார்த்தால் ஓரளவு சரி. 100.4 டிகிரி பாரன்ஹீட் எல்லை. அறிகுறி இல்லாமல் கிருமியோடு வரும் பிள்ளையை எந்த வெப்பமானியும் காட்டாது. அதற்குத்தான் ஜன்னல்.

இன்னொன்றைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும். துறைமுகத்துக்கோ சிப்காட்டுக்கோ கூலிக்குப் போகும் தாய், காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புவார். பதினோரு மணிக்கு மேல் காய்ச்சல் திரும்பும். அவரைத் திட்டிப் பயனில்லை, அன்றைய கூலி போய்விடும். முதலில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதைத் தொற்றுக் காலத்தில் நிறுத்துங்கள், காய்ச்சலோடு வரத் தூண்டுவதே அதுதான். விடுப்பு எடுத்த பிள்ளைக்குப் பாடத்தாளை அதே தெருப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பாட்டி, பக்கத்து வீடு என்று அழைத்துப்போகக்கூடிய இன்னொருவர் எண்ணையும் சேர்க்கையிலேயே வாங்கிவையுங்கள். மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் திரும்ப வரலாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தந்த நோய்க்கு அரசு அதற்கு மேல் நாள் சொன்னால் அதுவே கணக்கு.

பள்ளியில் காய்ச்சல் வந்தால் ஸ்டோர் ரூமில் உட்கார வைக்காதீர்கள். காற்றோட்டமான வராந்தா மூலை, நாற்காலி, தண்ணீர், கவசம் போட்ட பெரியவர் ஒருவர் துணை. மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ 108க்கு உடனே அழையுங்கள். பெற்றோருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: வராததற்குக் காய்ச்சல், இருமல் காரணமா என்று. ஒரு வகுப்பில் மூன்று நாளில் ஐந்து பேர் அப்படி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி, அந்த வகுப்பை மட்டும் ஒரு வாரம் மரத்தடிக்கு மாற்றுங்கள். பள்ளி முழுவதையும் பூட்டுவதற்கு முன்னால் இப்படி எத்தனையோ படிகள் இருக்கின்றன.

பாதி வகுப்பு நடத்துவதானால்

ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வரிசை எண்ணில் பிரிக்காதீர்கள். அக்கா திங்களும் தம்பி செவ்வாயும் வருவார்கள், ஒரு வீட்டில் நோய் வந்தால் இரண்டு குழுவுக்கும் போகும், பெற்றோரும் தினம் ஒருவரை விட்டுவர வேண்டும். தெருவாரியாக, வேன்வாரியாகப் பிரியுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வேனில் வருபவர்கள் ஒரே குழு. மேலே சொன்ன அறையில் 36 பேருக்குப் பதில் 18 பேர் உட்கார்ந்தால், மணிக்கு ஐந்து முறை மாறும் காற்றே ஆளுக்குக் கிட்டத்தட்ட 10 லிட்டர் ஆகிவிடும்.

வேனில் முன்பக்க ஜன்னல் ஒன்றும் பின்பக்கம் எதிர்ப்புற ஜன்னல் ஒன்றும் எப்போதும் திறந்திருக்கட்டும். மழையிலும் இரண்டு அங்குலம். ஏசி போடுவதானால் உள்காற்று சுற்றும் பொத்தானை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கும் நல்ல கவசம் கொடுங்கள்.

துடைப்பது

ஒரு நாளைக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீர் போதும். கழிவறைக்கும் வாந்தி எடுத்த இடத்துக்கும் 30 சதவீத பிளீச்சிங் பவுடர், பத்து லிட்டர் வாளிக்கு 33 கிராம், அன்றன்றைக்குக் கரைத்தது. கடற்கரை ஈரத்தில் பிரித்த பொட்டலம் சீக்கிரம் வீரியம் இழக்கும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கழிவறை ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், அந்த இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். பிள்ளைகள் மேல் எதையும் தெளிக்கக் கூடாது.

கீல், கொக்கி, எக்ஸாஸ்ட் வேலைகளை மே விடுமுறையில் முடியுங்கள். சன்ஷேடு செப்டம்பருக்குள். பணம் குறைவாக இருந்தால் முதலில் கொக்கியும் கீலும், அடுத்து மீட்டர், அது அதிகம் காட்டும் அறைகளுக்கு மட்டும் எக்ஸாஸ்ட். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மீட்டரை மேசையில் வைத்து, கதவைச் சாத்தி அரை மணி பேசிவிட்டு எண்ணைக் காட்டுங்கள். எக்ஸாஸ்டுக்குப் பணம் கேட்கும்போது அந்த எண்ணைவிட வேறு விளக்கம் தேவைப்படாது.